இரு மோர்ஸ்கள்: நாவலுக்கும் திரைக்கும் இடையே ரசிகர்கள் நடத்தும் வழக்கு

துப்பறியும் நாவல் ஒன்று தொலைக்காட்சித் தொடராகும்போது, நாவலைப் படித்தவர்களும் தொடரை மட்டுமே பார்த்தவர்களும் ஒரே பெயரைச் சொல்லி இரு வேறு மனிதர்களைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். அந்தப் பேச்சில் எழும் சர்ச்சைகளைப் பொழுதுபோக்கின் உபரி என்று ஒதுக்கிவிடுவதே இலக்கிய விமர்சனத்தின் வழக்கமாக இருந்துவந்துள்ளது. ஆனால் ஒரு பாத்திரத்தின் வயது, ஊர், கார், குடும்பப் பின்னணி, காதல் தோல்வி ஆகியவற்றில் நாவலும் திரையும் முரண்படும் இடங்களை வரிசையாக எடுத்துவைத்து, எதை ஏற்பது, எதைத் தள்ளுவது, ஏன் என்று வாதிடும் ரசிகர், மூலபாட ஆய்வாளர் செய்யும் பணிக்கு மிக நெருக்கமான ஒன்றையே செய்கிறார். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரைக் களமாகக் கொண்ட இன்ஸ்பெக்டர் மோர்ஸ் கதைகள் இதற்கு மிகத் தெளிவான சான்று. நாவலாசிரியரே தம் படைப்பைத் திரைக்கேற்ப மாற்றிக்கொண்டதாலும், மூலத் தொடரைப் பின்பற்றி மேலும் இரு தொடர்கள் வந்ததாலும், எது மூலம், எது தழுவல் என்ற கேள்விக்கு அங்கே எளிதான விடை இல்லாமல் போயிற்று. அந்த விடையில்லாமையை யாரும் பொறுப்பேற்றுக் கையாளாத நிலையில், அதைக் கையாண்டவர்கள் ரசிகர்கள்.

மோர்ஸைப் படைத்த காலின் டெக்ஸ்டர் 1930இல் லிங்கன்ஷயரின் ஸ்டாம்ஃபோர்டில் பிறந்து, கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட் கல்லூரியில் கிரேக்கமும் லத்தீனும் பயின்று, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி, செவிப்புலன் குறைந்துகொண்டே வந்ததால் 1966இல் அப்பணியை விட்டு, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பள்ளித் தேர்வுகள் நடத்தும் அமைப்பில் சேர்ந்தவர். குறுக்கெழுத்துப் புதிர்களில் அவருக்கு இருந்த ஈடுபாடு சாதாரணப் பொழுதுபோக்கு அல்ல. குறிப்பிலேயே விடையை மறைத்துவைக்கும் கடினமான வகைப் புதிர்களுக்குக் குறிப்பு எழுதும் போட்டிகளில் தேசிய அளவில் பரிசு பெற்ற அவர், தம் துப்பறிவாளருக்கு அப்போட்டிகளில் தமக்கு நிகராக நின்ற வங்கியாளர் சர் ஜெரமி மோர்ஸின் பெயரைச் சூட்டினார். உதவியாளர் சார்ஜென்ட் லூயிஸின் பெயரும் அதே போட்டிகளில் கலந்துகொண்ட மற்றொருவரிடமிருந்து வந்ததே. முதல் நாவலான ‘லாஸ்ட் பஸ் டு உட்ஸ்டாக்’ 1975இல் வெளிவந்தது, பதின்மூன்றாவதும் கடைசியுமான ‘தி ரிமோர்ஸ்ஃபுல் டே’ 1999இல் வெளிவந்தது. இடையில் 1989இலும் 1992இலும் பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கத்தின் தங்கக் குத்துவாள் விருது அவருக்குக் கிடைத்தது.

தொலைக்காட்சித் தொடர் 1987 ஜனவரி 6 அன்று ‘தி டெட் ஆஃப் ஜெரிகோ’ என்ற பகுதியுடன் தொடங்கியது. அதன் திரைக்கதையை எழுதியவர், பின்னாளில் திரைப்பட இயக்குநராக உலகப் புகழ் பெற்ற ஆன்டனி மிங்கெல்லா. தயாரிப்பாளர் கென்னி மக்பெய்ன், ஒவ்வொரு கதைக்கும் விளம்பர இடைவேளைகளுடன் சேர்த்து முழுமையாக இரண்டு மணி நேரம் தர வேண்டும் என்று வற்புறுத்தி வென்றார். ஒரு மணி நேரத் துப்பறியும் தொடர்களுக்குப் பழகியிருந்த அக்காலத்தில் இது துணிவான முடிவு. மோர்ஸாக நடித்த ஜான் தாவை, 1970களில் வந்த ‘தி ஸ்வீனி’ தொடரின் முரட்டுக் காவலராகவே பார்வையாளர்கள் அதுவரை அறிந்திருந்தனர். லூயிஸாகக் கெவின் வேட்லி நடித்தார். 2000 நவம்பர் வரை மொத்தம் 33 பகுதிகள் வெளியாயின.

இந்த 33 என்ற எண்ணிக்கையைப் பகுத்துப் பார்த்தால், ரசிகர் உரையாடலின் அடித்தளம் புலப்படும். தொடர் தொடங்கிய நாளில் டெக்ஸ்டர் எழுதி முடித்திருந்த நாவல்கள் ஏழு. அவை ஏழும் 1987க்கும் 1989க்கும் இடையில், சில நெருக்கமாகவும் சில பெயரளவிலும் தழுவப்பட்டுத் தீர்ந்துபோயின. 1990 முதல் 1993 வரை வந்த பகுதிகளுக்கு நாவல் மூலம் கிடையாது. சிலவற்றுக்கு டெக்ஸ்டர் கதைக்கரு தந்தார், பலவற்றைப் பிற திரைக்கதை ஆசிரியர்கள் தாமே புனைந்தனர். 1995 முதல் 2000 வரை, டெக்ஸ்டர் இதற்கிடையில் எழுதிய ஐந்து நாவல்கள் ஒவ்வொன்றாகத் திரைக்கு வந்தன. ஆக, பன்னிரண்டு பகுதிகள் நாவலிலிருந்து வந்தவை, ஒன்று பின்னர் நாவலாக மாறியது, எஞ்சிய இருபதும் நாவலின் துணையின்றி நிற்பவை. நாவல்களின் தழுவல் என்று அறியப்பட்ட ஒரு தொடரில் பெரும்பகுதி நாவல்களில் இல்லாதது. ரசிகர்கள் நினைவில் வைத்துப் போற்றும் மோர்ஸின் குணங்களில் பல, டெக்ஸ்டர் ஒருபோதும் எழுதாத காட்சிகளிலிருந்து வந்தவை. எனவே நாவலே இறுதிச் சான்று என்று ஒரு வாசகர் வாதிட்டால், அவர் இருபது பகுதிகளை ஒரே வீச்சில் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. திரையே இறுதிச் சான்று என்று வாதிடுபவர், அந்தத் திரைக்கு உயிர் கொடுத்த நடையையும் அறிவுக் கூர்மையையும் மறுக்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்துவிட்டு நிம்மதியாக இருக்கும் ரசிகர்கள் மிகக் குறைவு.

துப்பறிவாளர் ஒருவரின் கதைகளைச் சாத்திர நூல்போல் எடுத்துக்கொண்டு முரண்களை ஆராயும் மரபுக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் பழைய உறவு உண்டு. 1911இல், அங்கே டிரினிட்டி கல்லூரியில் இருந்த ரொனால்டு நாக்ஸ், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். விவிலியத்தின் எந்தப் பகுதி எவரால், எப்போது எழுதப்பட்டது என்று ஜெர்மானிய அறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்த ஆய்வுமுறையை அப்படியே, ஹோம்ஸின் கதைகளைச் சொல்லும் வாட்சனின் குறிப்புகள்மீது பொருத்தி, இவற்றில் எவை உண்மையானவை, எவை இடைச்செருகல்கள் என்று விசாரித்த கட்டுரை அது. ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயிலே அதைப் படித்து வியந்து அவருக்குக் கடிதம் எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்த துப்பறியும் நாவலாசிரியர் டாரதி சேயர்ஸ் பின்னர் இந்த விளையாட்டுக்கு விதி வகுத்தபோது, லார்ட்ஸ் மைதானத்துக் கிரிக்கெட் ஆட்டத்துக்குரிய அதே பொறுப்புணர்வுடன் இதை ஆட வேண்டும் என்றும், கேலி தலைகாட்டினால் விளையாட்டே கெட்டுவிடும் என்றும் வற்புறுத்தினார். மோர்ஸ் ரசிகர்களின் பேச்சு இந்த மரபின் வாரிசு. ஆயினும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ஹோம்ஸ் ஆய்வாளர்களுக்கு முன்னால் இருந்தது ஒரே ஆசிரியரின் கவனக்குறைவு. மோர்ஸ் ரசிகர்களுக்கு முன்னால் இருப்பதோ ஒரு நாவலாசிரியர், பல திரைக்கதை ஆசிரியர்கள், இயக்குநர்கள், நடிகர்கள் ஆகியோர் ஒருவர் கைப்பிரதியை மற்றவர் பார்த்துத் திருத்திக்கொண்டே வந்த கூட்டுப் படைப்பு.

ரசிகர்களைப் பற்றிய கல்விப்புல ஆய்வுகளில் 1992இல் வந்த ஹென்றி ஜென்கின்ஸின் நூல் இன்றும் தொடக்கப் புள்ளியாகக் கருதப்படுகிறது. பிறர் நிலத்தில் புகுந்து வேட்டையாடுபவரைப் போல, ரசிகர் பிறர் படைப்பிலிருந்து தமக்கு வேண்டியதை எடுத்துத் தம் சொந்தப் படைப்பை உருவாக்குகிறார் என்ற கருத்தை அந்நூல் பரப்பியது. விண்வெளிக் கதைகளின் ரசிகர்களுக்கு நன்றாகப் பொருந்தும் இக்கருத்து, துப்பறியும் கதைகளின் ரசிகர்களுக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. துப்பறியும் கதையே தடயங்களைச் சேர்த்துத் தீர்ப்புக்கு வரும் பழக்கத்தை வாசகருக்குக் கற்பித்துவிடுகிறது. எனவே அதன் ரசிகர் புதிதாக ஒன்றைப் புனைவதைவிட, இருப்பதை விசாரிப்பதில்தான் அதிக இன்பம் காண்கிறார். எல்லை தாண்டிய வேட்டைக்காரரைவிட வழக்கை விசாரிக்கும் நீதிபதிக்கே அவர் நெருக்கமானவர்.

அவ்வாறு விசாரிக்கப்படும் வழக்குகளில் மிகப் பழையது லூயிஸைப் பற்றியது. தொடக்கக்கால நாவல்களின் லூயிஸ் வேல்ஸ் நாட்டுக்காரர், முன்னாள் குத்துச்சண்டை வீரர், மோர்ஸுடன் ஏறத்தாழ ஒத்த வயதினர். திரையின் லூயிஸோ வடகிழக்கு இங்கிலாந்தின் டைன் ஆற்றுப் பகுதிப் பேச்சுவழக்குடன் பேசும் இளைஞர், சிறு பிள்ளைகளின் தந்தை. மேலோட்டமாக இது நடிகர் தேர்வின் விளைவாகத் தெரிந்தாலும், கதையின் உள்ளமைப்பையே இது மாற்றிவிட்டது. ஒத்த வயதுடைய இருவரில் ஒருவர் மேலதிகாரியாக இருப்பது ஒருவகைச் சமூக நகைச்சுவை. ஒரு தலைமுறை இளைய ஒருவர் குடும்பம் அற்ற, தனிமையில் வாழும் மூத்தவரிடம் தொழில் கற்பது தந்தை மகன் உறவின் சாயல் கொண்டது. தொடரின் இறுதிப் பகுதியில் மோர்ஸ் இறக்கும்போது பார்வையாளர்கள் உணர்ந்த இழப்பின் பெரும்பகுதி இந்த வயது வேறுபாட்டினால் உண்டானது என்பதை, நாவலின் பக்கம் நின்று வாதிடும் வாசகர்களும் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள்.

இரண்டாவது வழக்கு காரைப் பற்றியது. நாவலின் மோர்ஸ் முதலில் ஓட்டியது லான்சியா என்ற இத்தாலியக் கார். திரையில் அது சிவப்பு நிற ஜாகுவார் மார்க் 2 ஆனது. பழைய, அழகிய, ஆங்கிலேயத் தன்மை கொண்ட அந்தக் கார் மோர்ஸின் உருவத்தோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது. இதில் ரசிகர்களின் கவனத்தை ஈர்த்தது மாற்றம் மட்டுமன்று, அதன் பிறகு நடந்ததுதான். தொடர் தொடங்கிய பின் டெக்ஸ்டர் எழுதிய நாவல்களில் மோர்ஸ் ஜாகுவாரில் ஏறிக்கொண்டார், லூயிஸும் திரையின் லூயிஸுக்கு நெருங்கி வந்தார், மோர்ஸின் தோற்ற வருணனையும் ஜான் தாவுக்கு முரண்படாத அளவில் அடங்கிப்போயிற்று. பெரும்பாலான பகுதிகளில் கூட்டத்தில் ஒருவராக டெக்ஸ்டரே திரையில் தோன்றிச் சென்றார். அவர் எந்தக் காட்சியில் இருக்கிறார் என்று கண்டுபிடிப்பதே ரசிகர்களுக்குத் தனியொரு தேடலாயிற்று. தம் பாத்திரத்தைத் திரையிடம் பறிகொடுத்துவிட்டதாகப் புலம்பும் எழுத்தாளர்கள் பலர். டெக்ஸ்டர் அதை மனமுவந்து பங்கிட்டுக்கொண்டார். அதனால் நாவலின் தூய்மையைக் காக்க முற்படும் வாசகருக்கு நாவலாசிரியரின் துணையே கிடைக்காமல் போகிறது.

மூலமும் தழுவலும் முழுமையாக இடம் மாறியதற்கும் சான்று உண்டு. 1987 கிறிஸ்துமஸ் நாளில் ஒளிபரப்பான ‘தி வுல்வர்கோட் டங்’ டெக்ஸ்டர் தந்த கதைக்கருவைக் கொண்டு ஜூலியன் மிட்செல் திரைக்கதை எழுதிய பகுதி. அமெரிக்கச் சுற்றுலாக் குழு ஒன்று ஆக்ஸ்ஃபோர்டு வருகிறது, பழங்காலப் பொன் அணிகலன் ஒன்று காணாமல் போகிறது, அதை அருங்காட்சியகத்துக்குத் தர வந்த பெண் இறந்துகிடக்கிறார். இதே கருவை டெக்ஸ்டர் 1991இல் ‘தி ஜுவல் தட் வாஸ் அவர்ஸ்’ என்ற நாவலாக விரித்தபோது, திரையில் கண்ட தீர்வை விட்டு விலகி வேறு தீர்வை அமைத்தார். தொடரைப் பார்த்துவிட்டு, குற்றவாளி யாரென்று தெரியும் என்ற நம்பிக்கையில் நாவலைத் திறந்தவர்களுக்கு அந்த அறிவு உதவியாக இல்லாமல், வழிதவறச் செய்யும் தடயமாகவே ஆயிற்று. பார்வையாளரின் முன்னறிவையே புதிரின் ஓர் உறுப்பாக்கிக்கொண்ட இந்தச் செயல், தழுவல் பற்றிய கோட்பாடுகள் போதிய அளவு கவனிக்காத ஒன்று. இரண்டையும் அருகருகே வைத்து எந்தத் தீர்வு தடயங்களுக்கு நேர்மையானது என்று ஒப்பிட்ட ரசிகர்களே இதை முதலில் உணர்ந்தவர்கள் எனலாம்.

குறுக்கெழுத்துப் புதிருக்கும் நாவல்களின் கட்டமைப்புக்கும் உள்ள உறவு, நாவலின் பக்கம் நிற்பவர்களின் வலுவான வாதம். டெக்ஸ்டரின் மோர்ஸ் பிழைபடாத அறிவாளி அல்லர். கிடைத்த ஐந்தாறு தடயங்களைக் கொண்டு மிக அழகான, ஏறக்குறைய முழுமையான விளக்கம் ஒன்றைக் கட்டி எழுப்புவார். பிறகு ஒரே ஒரு புதிய செய்தி வந்து அதைத் தரைமட்டமாக்கும். உடனே அவர் அடுத்த விளக்கத்தைத் தொடங்குவார். 1976இல் வந்த ‘லாஸ்ட் சீன் வேரிங்’ நாவலில், காணாமல் போன பள்ளி மாணவி ஒருத்தியைப் பற்றி அவர் இவ்வாறு அடுத்தடுத்துக் கட்டும் விளக்கங்களும் அவற்றின் சரிவுகளுமே கதையாகின்றன. புதிரில் ஏற்கெனவே நிரப்பிய எழுத்துகளுக்கெல்லாம் பொருந்தி, குறுக்கே வரும் ஒரு சொல்லால் மட்டும் பொய்யாகிப் போகும் விடையை அறிந்தவர்களுக்கு இந்த வேதனையும் இன்பமும் உடனே விளங்கும். திரைக்கு இது கடினமான பொருள். பொய்யான விளக்கத்தைக் காட்சியாகப் படமெடுத்துக் காட்டினால் பார்வையாளர் அதை நடந்ததாகவே நம்பிவிடுவார், வெறும் பேச்சாக வைத்தால் காட்சி தேங்கிவிடும். ஆகவே திரையின் மோர்ஸ் நாவலின் மோர்ஸைவிடக் குறைவாகத் தவறுகிறார், அல்லது அவருடைய தவறுகள் கதையின் ஓரத்துக்கு நகர்ந்துவிடுகின்றன. அறிவின் பெருமையும் அதன் தோல்வியும் ஒருங்கே நிகழும் அந்த விந்தையான நகைச்சுவை இதனால் மங்கியது என்ற முறையீட்டில் நியாயம் இருக்கிறது. தொடரின் ஆகப் பெரிய இழப்பு இதுவே.

அந்த இழப்புக்கு ஈடாகத் திரை தந்தது இசை. டெக்ஸ்டர் தம் நாவல்களின் அத்தியாயங்களுக்கு முகப்பில் மேற்கோள்கள் இடுவது வழக்கம். அவற்றுள் சில அவரே இட்டுக்கட்டியவை என்பது வாசகர்கள் சிரித்துக்கொண்டே கண்டுபிடித்த மற்றொரு புதிர். அத்தியாயத்தின் தொனியையும் மோர்ஸின் படிப்பையும் ஒருசேர உணர்த்தும் இந்த மேற்கோள்களுக்குத் திரையில் இடமில்லை. அவற்றின் வேலையை வாக்னர், மொஸார்ட் முதலியோரின் இசை ஏற்றுக்கொண்டது. தனி வீட்டில், மதுக் குவளையுடன், இசைத்தட்டைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும் மோர்ஸின் முகத்தை நீண்ட நேரம் காட்டுவதற்கு மக்பெய்ன் வென்றெடுத்த இரண்டு மணி நேரம் இடமளித்தது. இசையமைப்பாளர் பேரிங்டன் ஃபெலூங், புள்ளியும் கோடுமாக எழுத்துகளை அனுப்பும் தந்திக் குறியீட்டில் மோர்ஸ் என்ற பெயரையே தாளமாக்கித் தொடரின் தொடக்க இசையில் பதித்தார். சில பகுதிகளின் பின்னணி இசையில் இதே முறையில் கொலைகாரரின் பெயரையும், வேறு சிலவற்றில் திசைதிருப்பும் பெயரையும் மறைத்துவைத்ததாக அவர் கூறியபின், தந்தி இயக்கத் தெரிந்த ரசிகர்கள் காதைத் தீட்டிக்கொண்டு ஒவ்வொரு பகுதியையும் மீண்டும் கேட்கத் தலைப்பட்டனர். டெக்ஸ்டரின் புதிர் மனப்பான்மை சொல்லிலிருந்து ஒலிக்கு இடம்பெயர்ந்து உயிரோடிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பெண்களைப் பற்றிய மோர்ஸின் பார்வை குறித்த உரையாடல் இவற்றினும் ஆழமானது, காலத்தோடு மாறிவருவது. தொடக்கக்கால நாவல்களின் மோர்ஸ் ஆபாச இதழ்களில் ஆர்வம் காட்டுபவர். வழக்கில் எதிர்ப்படும் பெண்களைக் கதைசொல்லியே உடலை அளக்கும் கண்ணோடு வருணிப்பதும் உண்டு. தொடர் இதைப் பெருமளவு களைந்து, காதலில் தயங்கித் தோற்கும் கூச்சமுள்ள மனிதராக அவரை மாற்றியது. நாவலின் மோர்ஸே முழு மனிதர் என்றும், அறிவும் இச்சையும் சண்டையிடும் அவருடைய அகத்தைத் திரை மெருகேற்றிப் பொய்யாக்கிவிட்டது என்றும் ஒரு சாரார் வாதிடுகின்றனர். பாத்திரத்தின் குறையையும் கதைசொல்லியின் குறையையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றும், நாவல்களில் பல இடங்களில் இரண்டாவதே நிகழ்கிறது என்றும் மறு சாரார் காட்டுகின்றனர். இரண்டாவது வாதமே வலுவானது. மோர்ஸின் சபலத்தை நாவல் விமர்சனத்துடன் காட்டும் இடங்கள் உண்டு. ஆனால் அந்தப் பார்வை மோர்ஸ் இல்லாத காட்சிகளிலும் தொடரும்போது அதைப் பாத்திரப் படைப்பு என்று காக்க முடியாது. இந்த வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துரைக்கக் கதைசொல்லியின் நோக்குநிலை பற்றிய நுட்பமான அறிவு தேவை. எவ்விதப் பயிற்சியும் இல்லாத வாசகர்கள், இரு வடிவங்களையும் ஒப்பிட்டதாலேயே அந்த அறிவை எய்தியிருக்கிறார்கள்.

மோர்ஸின் முதற்பெயர் இருபது ஆண்டுகளுக்கு மேல் மறைத்துவைக்கப்பட்டு, 1996இல் வெளிவந்த ‘டெத் இஸ் நௌ மை நெய்பர்’ நாவலில்தான் வெளிப்பட்டது. கேப்டன் குக்கைப் போற்றிய தந்தையும், நற்குணங்களைப் பெயராகச் சூட்டும் குவேக்கர் சமய மரபில் வந்த தாயும் சேர்ந்து, குக்கின் கப்பலுடைய பெயரான எண்டெவர் என்பதை மகனுக்கு வைத்தார்கள் என்பது விளக்கம். அடுத்த ஆண்டு வந்த திரை வடிவத்தில் அது எழுத்துகளை இடம்மாற்றிக் கண்டறிய வேண்டிய குறுக்கெழுத்துப் புதிராக அமைந்தது. நீண்ட காலமாக யூகித்துவந்தவர்களில் சிலருக்கு இது ஏமாற்றமாக இருந்ததற்குக் காரணம் பெயர் அன்று. கேள்வி தீர்ந்துபோனதே அவர்களுக்கு இழப்பு.

ஊரையே ஆவணமாகப் படிப்பது ரசிகர்களின் மற்றொரு பழக்கம். ‘தி டெட் ஆஃப் ஜெரிகோ’ கதையில் வரும் கனால் ரீச் என்ற தெரு, ஜெரிகோ பகுதியில் கால்வாயை ஒட்டியுள்ள கூம் சாலை என்பதும், அங்குள்ள மதுக்கடை நிஜத்தில் புக்பைண்டர்ஸ் ஆர்ம்ஸ் என்பதும் அவர்களுக்கு மனப்பாடம். ராண்டால்ஃப் ஹோட்டலில் மோர்ஸ் பெயரிலேயே மது அறை உண்டு, வழிகாட்டியுடன் நடந்து சுற்றும் ஏற்பாடுகளும் நகரில் உண்டு. டெக்ஸ்டர் பெரும்பாலும் உண்மையான தெருப் பெயர்களையும் கற்பனைக் கல்லூரிப் பெயர்களையும் கலந்து எழுதினார். தொடரோ ஆக்ஸ்ஃபோர்டாகக் காட்டிய பல காட்சிகளை லண்டனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் எடுத்தது. ஒரு தெருவில் திரும்பும் ஜாகுவார் நகரின் மறுகோடியில் வெளிப்படுவதைக் குற்றமாகச் சுட்டும் உள்ளூர்வாசியின் வாதத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிடலாகாது. பேருந்து நேரமும் தெருவின் நீளமும் தடயமாகும் ஒரு கதைவகையில், யார் எத்தனை நிமிடத்தில் எங்கே போயிருக்க முடியும் என்பது கொலையின் தீர்வோடு தொடர்புடையது.

1989இல் விருது பெற்ற ‘தி வென்ச் இஸ் டெட்’ நாவல் இந்த உரையாடலில் தனி இடம் பெறுகிறது. வயிற்றுப் புண்ணால் மருத்துவமனையில் படுத்திருக்கும் மோர்ஸ், 1859இல் ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில் படகில் சென்ற பெண் ஒருத்தி கொல்லப்பட்ட வழக்கைப் பற்றிய சிறு நூலைப் படித்து, அதற்காகத் தூக்கிலிடப்பட்டவர்கள் குற்றமற்றவர்கள் என்று சந்தேகிக்கிறார். 1839இல் ஸ்டாஃபர்ட்ஷயரின் ரூஜ்லி அருகே கால்வாயில் இறந்துகிடந்த கிறிஸ்டினா காலின்ஸின் உண்மை வழக்கே இதற்கு அடிப்படை. இது படிப்பதைப் பற்றிய கதை. ஒரு நூலின் வரிகளுக்கிடையில் உள்ள முரண்களைக் கொண்டு நூலாசிரியர் அறியாத உண்மையை வாசகர் கண்டடைகிறார். ரசிகர்கள் மோர்ஸ் கதைகளுக்குச் செய்வதை இங்கே மோர்ஸே வேறொரு நூலுக்குச் செய்கிறார். அதனால்தான் இந்த நாவல்மீது அவர்களுக்குத் தனிப் பற்று. 1998இல் வந்த திரை வடிவத்தில் லூயிஸ் இல்லை, அவரிடத்தில் இளம் காவலர் ஒருவர் உதவினார். நாவலின் லூயிஸ் மருத்துவமனைக்கு வந்து போவதால் கிடைக்கும் இதம் திரையில் இழக்கப்பட்டது என்ற குறையும், கடந்த காலக் காட்சிகளைக் கண்முன் நிறுத்தியதால் மோர்ஸின் யூகம் யூகமாக இல்லாமல் நிரூபணமாகிவிட்டது என்ற இன்னும் கூர்மையான குறையும் தொடர்ந்து எழுப்பப்படுகின்றன.

ஜான் தாவ் 2002 பிப்ரவரியில் மறைந்தார். அவர் ஏற்ற மோர்ஸை வேறொரு நடிகர் மீண்டும் ஏற்கக் கூடாது என்று டெக்ஸ்டர் தம் உயிலில் விதித்திருப்பதாகப் பின்னர் பத்திரிகைகள் எழுதின. நாவலாசிரியர் தம் பாத்திரத்தின் முகமாக ஒரு நடிகரை என்றென்றைக்கும் நியமிப்பது அரிது. 2006 முதல் 2015 வரை வந்த ‘லூயிஸ்’ தொடர், சார்ஜென்ட்டை இன்ஸ்பெக்டராக உயர்த்திக் கதையை முன்னோக்கிக் கொண்டுசென்றது. 2012 ஜனவரியில் தொடங்கி 2023 மார்ச்சில் முடிந்த ‘எண்டெவர்’ தொடர், 1965இலிருந்து இளம் மோர்ஸின் கதையைச் சொன்னது. ஷான் எவன்ஸ் நடித்த அத்தொடரின் 36 பகுதிகளையும் எழுதியவர் ரஸல் லூயிஸ். அவர் 1995இல் மூலத் தொடருக்கும் ஒரு திரைக்கதை எழுதியவர் என்பது கருதத்தக்கது.

முன்கதை எழுதுவோர் யாவரும் எதிர்கொள்ளும் சிக்கல் ‘எண்டெவர்’ தொடரில் கடுமையாக வெளிப்பட்டது. பின்னர் நடந்தவை ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டதால், முன்னர் நடந்தவற்றைப் புதிதாகப் புனையும்போது பழைய கதையின் பொருளும் மாறிவிடுகிறது. இதைப் பின்னோக்கித் திருத்துதல் எனலாம். ரோஜர் ஆலம் நடித்த மேலதிகாரி ஃப்ரெட் தர்ஸ்டே, இளம் மோர்ஸுக்குத் தந்தை போன்றவராக முதல் பகுதியிலிருந்தே நிலைபெற்றார். ஆனால் பழைய தொடரின் 33 பகுதிகளிலோ பதின்மூன்று நாவல்களிலோ மோர்ஸ் இப்படி ஒருவரை ஒருமுறைகூடக் குறிப்பிடுவதில்லை. அவ்வளவு அன்பு காட்டிய மனிதரை ஒருவர் ஏன் வாய்திறந்து நினைவுகூரவில்லை என்ற கேள்வி ரசிகர்களிடையே பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்தது. தர்ஸ்டே கொல்லப்படுவார், துரோகம் செய்வார், அவமானப்பட்டு விலகுவார் என்றெல்லாம் விடைகள் முன்வைக்கப்பட்டன. இறுதிப் பகுதி அந்த மௌனத்துக்கான காரணத்தையே தன் முடிச்சாக அமைத்தது. பழைய தொடரின் எழுத்தாளர்கள் அறியாமல் விட்ட வெறுமை, புதிய தொடரின் மையக் கருவாயிற்று. அந்த வெறுமையைக் குறையாகக் கண்டு, கேள்வியாக வடித்து, விடை வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர்கள் பார்வையாளர்கள்.

ஜான் தாவின் மகள் அபிகெயில் தாவ் ‘எண்டெவர்’ தொடரில் ஏற்ற பத்திரிகையாளரின் பெயர் டாரதியா ஃப்ரேசில். அப்பெயர் நீரில் மிதக்கும் பனித்துகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பதையும், முதலெழுத்தான ‘டி’யோடு சேர்த்துப் பனி நீங்குதல் என்று பொருள்கொண்டால், ஆங்கிலத்தில் பனி உருகுதலைக் குறிக்கும் ‘தாவ்’ என்ற நடிகையின் குடும்பப் பெயரே கிடைக்கிறது என்பதையும் ரசிகர்கள் கண்டறிந்தனர். டெக்ஸ்டரின் புதிர் விளையாட்டை அவரிடமிருந்து கற்றுக்கொண்ட ஒருவர், அதே பள்ளியில் பயின்றவர்களுக்காக எழுதியது அது. 1992இல் வந்த நாவலில் இறக்கும் பிரேதப் பரிசோதனை மருத்துவர் மேக்ஸ், மூலத் தொடரில் அதற்கும் முன்பே விளக்கமின்றிக் காணாமல் போனவர். அவருக்கும் இளமையும் முழுப்பெயரும் இத்தொடரில் கிடைத்தன. பழைய தொடரில் மோர்ஸின் மேலதிகாரியான ஸ்டிரேஞ்ச் இங்கே மோர்ஸுக்கு ஒத்த வயதுடைய சீருடைக் காவலராகத் தொடங்குகிறார். அதன்பின் பழைய தொடரைப் பார்ப்பவர், அவர் மோர்ஸைக் கண்டிக்கும் காட்சிகளில் ஒரு காலத்து நண்பனின் சலிப்பைக் கேட்கிறார். 1980களில் அக்காட்சிகளை எழுதியவர்களோ நடித்தவர்களோ நினைத்திராத பொருள் அது. எனினும் இப்போது அது அங்கே இருக்கிறது. அதை நீக்கிவிட்டுப் பார்ப்பது, இருபது பகுதிகளைத் தள்ளிவிட்டு மோர்ஸைப் புரிந்துகொள்வதைப் போலவே கடினம்.

இன்று பலர் மோர்ஸை முதலில் சந்திப்பது ‘எண்டெவர்’ தொடரில். அங்கிருந்து ஜான் தாவின் தொடருக்குச் செல்கிறார்கள், கடைசியாகவே நாவல்களுக்கு வருகிறார்கள். எழுதப்பட்ட வரிசைக்கு நேர் எதிரான இந்த வாசிப்பில், 1975இன் மோர்ஸ் லான்சியாவில் வந்து இறங்குவது திரிபாகத் தோன்றுகிறது. வேல்ஸ் நாட்டு லூயிஸ் அந்நியராகத் தெரிகிறார். கதைசொல்லி பெண்களைப் பார்க்கும் பார்வை, இளம் மோர்ஸின் கூச்சத்தை அறிந்தவர்களுக்குப் பொருந்தாத ஒன்றாகப் படுகிறது. மூல ஆசிரியரின் முதல் நாவலே தழுவல்களுக்கு விசுவாசமாக இல்லை என்று குறைசொல்லும் வாசகர்கள் உருவாகியிருக்கிறார்கள். அவர்களுக்கு விடையளிக்க முற்படும் பழைய வாசகர்கள், லான்சியாவிலிருந்து ஜாகுவாருக்கு டெக்ஸ்டர் மாறிய கதையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.